ஐரிஷ் மொழிப் பேச்சுத் தொழில்நுட்பம்: பயனர்களின் தனிப்பட்ட தரவைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் அதைப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 72,000 பேர்தான். அதிலும் கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளில் வாழ்ந்துகொண்டு தினமும் பேசுகிறவர்கள் சுமார் 20,000. இவர்களும் ஒரே இடத்தில் இல்லை. டோனகால், மேயோ, கால்வே, கெரி, கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் என ஏழு மாவட்டங்களில் சிதறி இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் பேச்சு மாறும். டோனகால் கரைக்கு அப்பால் இருக்கும் டோரி தீவில் இருநூறு பேர்கூட இல்லை.

ஐரிஷ் மொழிக்குக் குரல் கருவி செய்யப் போகிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளைச் சேர்த்துப் பெயர்களை எடுத்துவிட்டால், ஒரு குரலுக்குரியவர் யாரென்று முன்பின் தெரியாதவர் கண்டுபிடிப்பது கஷ்டம். டோரி தீவு, பெண், எழுபது வயதுக்கு மேல் என்று மூன்று தகவல் சொன்னால் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தத் தகவல்கூட வேண்டாம். இருமினாலே இன்னார் என்று சொல்லிவிடும் ஊர்கள் அவை. பெயரை நீக்கியாயிற்று, ஆகவே இது அடையாளமற்ற தரவு என்ற வாதம் இங்கே நிற்காது. பதிவு செய்த பிறகு மறைப்பதைவிட, பதிவதற்கு முன்னால் எடுக்கும் முடிவுகள்தான் இங்கே அதிகம் காப்பாற்றும். கீழே சொல்லும் வேலைகளின் வரிசையும் அதை வைத்துத்தான்.

1. எந்தத் தரவு எங்கே போகிறது என்று எழுதுங்கள்

குறியீடு எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். பேச்சை எழுத்தாக்கும் கருவி என்றால் ஒலிக்கோப்பு, அதன் எழுத்துவடிவம், பேசியவரின் வயது, பால், ஊர், அவர் பயன்படுத்திய போன், ஐபி முகவரி, சர்வர் பதிவேடு என்று பட்டியல் நீளும். பேசுபவரின் குரலை எண்களாகச் சுருக்கும் ஸ்பீக்கர் எம்பெடிங் என்று ஒன்று உண்டு. ஒலியை அழித்துவிட்டு அதை மட்டும் வைத்திருந்தாலும் அதுவும் அவருடைய தரவுதான்; ஒரு குரலை இன்னொரு குரலோடு ஒப்பிட அதுவே போதும்.

பலரும் கோட்டை விடுவது எழுத்தைப் பேச்சாக்கும் பக்கத்தில். அங்கே பயனர் பேசுவதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஆபர் திட்டம், அல்ஸ்டர், கானக்ட், மன்ஸ்டர் ஆகிய மூன்று பெரிய வட்டார வழக்குகளிலும் செயற்கைக் குரல்களை உருவாக்கியிருக்கிறது. இப்படிப்பட்ட குரல்களை யார் யார் பயன்படுத்துவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பார்வையற்ற ஒருவர், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரில் வைத்துத் தன் மின்னஞ்சலைக் கேட்பார். வங்கிக் கடிதத்தையும் மருத்துவமனைச் சீட்டையும் கேட்பார். பேச முடியாத ஒரு குழந்தை, படங்களைத் தொட்டுத் தொட்டு அதன் வழியாகவே அம்மாவிடம் பேசும். ஐரிஷ் மொழிக்கு கெபரா என்ற பெயரில் அப்படி ஒரு கருவியை ஆபர் குழுவே செய்திருக்கிறது. இந்த வகைக் கருவி ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு சர்வருக்கு அனுப்பி ஒலியாக வாங்கும்படி அமைந்து, அந்த சர்வர் வந்த எழுத்தைப் பதிவேட்டில் சேமிக்கவும் செய்தால், ஒரு மனிதரின் முழு அந்தரங்கமும் யாரோ ஒருவருடைய வன்தட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை. பிழை தேடுவதற்காக என்றோ போட்ட ஒரு வரி குறியீடு போதும்.

அதனால் உங்கள் தாளில் ஒவ்வொரு தரவுக்கும் எதிரே நான்கு விஷயம் இருக்கட்டும்: ஏன் வேண்டும், எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழியும். கடைசிக் கட்டத்தில் தேதி எழுத முடியாத தரவை வாங்காதீர்கள்.

2. சட்டம் என்ன சொல்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, அதாவது ஜிடிபிஆர், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அயர்லாந்தில் அதோடு 2018-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். மேற்பார்வை செய்வது தரவுப் பாதுகாப்பு ஆணையம்.

ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய குரல்பதிவு தனிப்பட்ட தரவு. அதில் சந்தேகம் வேண்டாம். அது பயோமெட்ரிக் தரவாகவும் ஆகுமா என்பது நீங்கள் அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னார்தான் பேசுகிறார் என்று உறுதிசெய்யும் நோக்கத்தில் தொழில்நுட்பரீதியாக அலசினால், விதிமுறையின் 9-ஆம் பிரிவில் உள்ள சிறப்பு வகைத் தரவாகிவிடும். கட்டுப்பாடு பல மடங்கு கூடும். பேச்சை எழுத்தாக்க மட்டும் பயன்படுத்தினால் அந்த வகையில் வராது. ஆனால் பேச்சின் உள்ளடக்கம் வேறு வழியில் அங்கே கொண்டுபோய் விடலாம். எண்பது வயதுப் பெரியவரைச் சும்மா பேசச் சொன்னால் முழங்கால் வலியிலிருந்து தொடங்குவார். உடல்நலத் தகவலும் சிறப்பு வகைத் தரவுதான்.

35-ஆம் பிரிவின் கீழ் வரும் தாக்க மதிப்பீட்டை, அதாவது இந்தத் தரவால் மக்களுக்கு என்ன ஆபத்து வரலாம் என்று எடைபோடுவதை, திட்டம் முடிந்தபின் கோப்பில் சேர்க்கும் காகிதமாக நினைக்காதீர்கள். சேகரிப்பைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது அது. ஐரிஷ் திட்டத்துக்கு அதில் ஒரு கேள்வியைத் தனியாகச் சேருங்கள்: அதே ஊர்க்காரர் ஒருவர் இந்தப் பதிவைக் கேட்டால் பேசுபவருக்கு என்ன ஆகும்? வழக்கமான படிவங்கள் முகம் தெரியாத ஹேக்கரை நினைத்து எழுதப்பட்டவை. இங்கே அக்கம்பக்கத்தாரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

3. ஒப்புதலைப் பிரித்துப் பிரித்து வாங்குங்கள்

ஒப்புதல் படிவம் ஐரிஷில் இருக்க வேண்டும். குரலை மட்டும் ஐரிஷில் வாங்கிக்கொண்டு உரிமைகளை ஆங்கிலத்தில் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. சட்டச் சொற்களுக்குத் திண்டாட வேண்டியதும் இல்லை. ஜிடிபிஆரே ஐரிஷில் இருக்கிறது, ஆணையமும் ஐரிஷில் எழுதினால் ஐரிஷில் பதில் தரும். அங்கிருந்து சொற்களை எடுத்து, அந்தந்த வட்டாரத்தார் ஒருவரிடம் வாசித்துக் காட்டி எளிமையாக்குங்கள்.

ஒரே ஒரு கட்டத்தில் டிக் வாங்குவது போதாது. குறைந்தது இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்:

"என் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளப் பழக்குவதற்குப் பயன்படுத்தலாம்."

"என் குரலைப் போலவே பேசும் செயற்கைக் குரலை உருவாக்கலாம்."

"என் பதிவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வெளியிடலாம்."

முதலாவதுக்குச் சரி சொல்கிறவர் இரண்டாவதுக்கு மறுக்கலாம். மறுத்தாலும் முதலாவதில் பங்கேற்க முடிய வேண்டும். இரண்டாவதுக்கு டிக் மட்டும் போதாது, எழுத்தில் ஒப்பந்தமும் தேவை. அந்தக் குரலை யார் யாருக்குக் கொடுப்பீர்கள், விளம்பரத்துக்கும் அரசியல் பிரச்சாரத்துக்கும் பயன்படுத்தலாமா, அவர் இறந்த பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஒரு வட்டாரத்தின் செயற்கைக் குரல் யாருடையது என்று அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தக் குரலில் வரும் அபத்தமான அறிவிப்புக்கும் ஊரார் அவரைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது இன்னும் கனமானது. பொதுமக்களின் குரல்பதிவுகளைச் சேர்க்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் ஐரிஷ் உண்டு, நம் தமிழும் உண்டு. அங்கே தரும் குரல் சிசி0 உரிமத்தில் வெளியாகும்; யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். பேசியவர்களை அடையாளம் காண முயலமாட்டேன் என்று இறக்குகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருமுறை இறக்கிய நகலைத் திரும்ப வாங்க வழியில்லை. திறந்த தரவை நான் எதிர்க்கவில்லை. சிறிய மொழிக்கு அது உயிர்நாடி. எனக்கு வேண்டியதெல்லாம், "வெளியான பிறகு திரும்ப எடுக்க முடியாது" என்ற வரி படிவத்தின் முதல் பக்கத்தில், டிக் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான்.

4. பதிவு செய்யும்போது

கொடுத்த வாக்கியங்களை வாசிக்கச் சொல்வதா, இயல்பாகப் பேசச் சொல்வதா? மாதிரிக்கு, அதாவது இந்தப் பதிவுகளில் பழகும் கணினி மாடலுக்கு, இயல்பான பேச்சுதான் நல்லது. தனியுரிமைக்கு வாசிப்பு நல்லது. இரண்டும் வேண்டும் என்றால், இயல்பான பேச்சுக்குத் தலைப்புக் கொடுங்கள்: பழைய விளையாட்டு, வானிலை, ரொட்டி சுடும் விதம், கரி எடுத்த காலம். "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஊர் என்றால் மனிதர்கள், ஒப்புதல் தராத பத்துப் பேரின் கதை உள்ளே வந்துவிடும்.

பேசுபவரின் விவரங்களை எவ்வளவு வாங்கலாம்? பிறந்த தேதி வேண்டாம், பத்தாண்டு வயது வரம்பு போதும். கிராமத்தின் பெயர் உள்ளே இருக்கலாம், வெளியிடும் தரவில் வட்டார வழக்கின் பெயர் மட்டும் இருக்கட்டும். மீத் மாவட்டத்தின் ராக்கார்ன் போன்ற இடங்களில் கூடுதல் கவனம் தேவை. 1935-இல் கால்வே மாவட்டத்தின் கானமாராவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் ஊர் அது. மீத் மாவட்டம், கானமாரா பேச்சு என்று இரண்டும் சேர்ந்து வந்தாலே ஊர் தெரிந்துவிடும். ஒவ்வொரு சேர்க்கையிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து பேருக்குக் கீழே போனால் ஏதாவது ஒரு விவரத்தை மங்கலாக்குங்கள்.

கோப்புக்குள்ளும் பாருங்கள். தொழில்முறைப் பதிவுக் கருவிகள் ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில் தேதி, நேரம், கருவியின் பெயர் எல்லாம் எழுதிவிடும். சில போன் செயலிகள், பதிவு செய்த தெருவின் பெயரையே கோப்புக்குப் பெயராக வைக்கும். கோப்பு வந்ததும் எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியால் மெட்டாடேட்டா இல்லாத நகல் எடுத்து, பொருளில்லாத எண் ஒன்றைப் பெயராகக் கொடுங்கள். அந்த எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பட்டியல் வேறு இடத்தில், வேறு கடவுச்சொல்லில், குறியாக்கத்தோடு இருக்கட்டும். ஒலியையும் அந்தப் பட்டியலையும் ஒரே ஆள் திறக்க முடிகிறது என்றால் பிரித்ததில் பயனில்லை.

5. எழுத்துவடிவத்தில் பெயர்களைத் தேடுவது

ஆங்கிலத்துக்குச் செய்த பெயர் நீக்கும் கருவிகள் ஐரிஷில் படுத்துவிடுகின்றன. காரணம் இலக்கணம். ஐரிஷில் சொல்லின் முதல் ஒலியே இடத்துக்கேற்ப மாறும். மாய்ர என்ற பெண்ணைக் கூப்பிடும்போது "அ வாய்ர". கால்வேயின் ஐரிஷ் பெயர் கால்யிவ். கால்வேயில் என்று சொல்ல வந்தால் "இ ஙால்யிவ்". எழுத்திலும் இந்த மாற்றம் தெரியும். ஆகவே பெயர்ப்பட்டியலை வைத்து அப்படியே தேடினால் பாதி தப்பிப் போகும்.

குடும்பப் பெயர் இன்னும் சிக்கல். ஆண் ஓ ப்ரியன், அவர் மனைவி ஈ வ்ரியன், மகள் நீ வ்ரியன். மூன்றும் ஒரே குடும்பம். கேல்டாக்ட் ஊர்களில் இதையும் சொல்வதில்லை. ஷான் ஃபாடர் விக்கி என்பார்கள். மிக்கியின் மகன் பாடர், அவர் மகன் ஷான். அந்த மூன்று சொல்லில் மூன்று தலைமுறை இருக்கிறது, எந்த அரசுப் பதிவேட்டிலும் அந்தப் பெயர் இருக்காது, ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பெயருக்கும் முதலொலி மாறிய வடிவங்களையும், இன்னாருடைய என்று வரும் வடிவத்தையும் உண்டாக்கிப் பட்டியலில் சேருங்கள். குடும்பப் பெயர்களை அவற்றின் முன்னொட்டுகளோடு குழுவாக வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முதற்பெயர்கள் வரும் இடங்களைத் தனியே எடுத்து மனிதர் ஒருவர் பார்க்கட்டும். கடைசியில், எழுத்தில் நீக்கிய இடத்தை ஒலியிலும் அமைதியாக்குங்கள். எழுத்தில் மட்டும் அழித்துவிட்டு ஒலியை விட்டுவிடாதீர்கள்.

6. கேட்டு எழுதுகிறவர்கள்

2019-இல், ஆப்பிளின் சிரி பதிவுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டு மதிப்பிடுகிறார்கள் என்ற செய்தி வெளிவந்தது. அந்த வேலையில் ஒரு பகுதி அயர்லாந்தின் கார்க் நகரத்திலேயே நடந்தது. பயனர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். நிறுவனம் திட்டத்தை நிறுத்தி மன்னிப்பும் கேட்டது. மனிதர் யாராவது கேட்பார்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐரிஷில் இன்னொரு சங்கடம் உண்டு. டோனகால் பேச்சை நன்றாகக் கேட்டு எழுதக்கூடியவர் டோனகால்காரர்தான். அவர் பேசுபவருக்குச் சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். வேறு வட்டாரத்தாரிடம் கொடுத்தால் தனியுரிமை காக்கப்படும், ஆனால் எழுத்தில் பிழை மலியும். என் யோசனை: நீண்ட பதிவுகளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கலந்து கொடுங்கள், தெரிந்தவர் குரல் என்றால் காரணம் சொல்லாமல் தாண்டிப் போக ஒரு பொத்தான் வையுங்கள், கோப்பை இறக்க முடியாமல் இணையத்திலேயே கேட்கும்படி அமையுங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தமும், வெளி நிறுவனம் என்றால் ஜிடிபிஆரின் 28-ஆம் பிரிவின்படி எழுத்துபூர்வ ஒப்பந்தமும் அவசியம். அப்புறம், பேசுபவரிடம் பதிவுக்கு முன்பே கேளுங்கள்: "உங்கள் ஊரைச் சேர்ந்தவர் இதைக் கேட்கலாமா?" சிலர் தாராளமாக என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள்.

7. குரலை மாற்றினால் போதுமா?

பேசிய சொற்களை வைத்துக்கொண்டு பேசியவரின் குரலை மட்டும் மாற்றும் நுட்பங்கள் வந்துவிட்டன. 2020 முதல் வாய்ஸ் பிரைவசி சேலஞ்ச் என்ற பெயரில் ஆய்வாளர்கள் போட்டி வைத்து அவற்றைச் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலப் பதிவுகளை வைத்துத்தான் சோதனை. ஐரிஷுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டோனகாலில் சாதாரண வாக்கியம்கூட ஏறும் சுருதியில் வரும்; கானமாராவில் இறங்கும். குரல் மாற்றி இந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கினால் மாதிரிக்கு வேண்டிய வட்டாரப் பேச்சே போய்விடும். அதை விட்டுவைத்தால் ஊர் தெரிந்துவிடும். ஆகவே குரல் மாற்றத்தைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதலுக்கும் அணுகல் கட்டுப்பாட்டுக்கும் பதிலாக வைக்காதீர்கள்.

8. குழந்தைகள்

ஐரிஷைத் தினமும் பேசுகிறவர்களில் பெரும்பகுதி பள்ளியில் இருப்பதால், உச்சரிப்புப் பயிற்சிச் செயலிகளுக்கு முதல் பயனர்களே குழந்தைகள்தான். இணையச் சேவைக்குத் தானாகவே ஒப்புதல் தரும் வயது அயர்லாந்தில் 16. அதற்குக் கீழே பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். (இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வரை குழந்தைதான்.) குழந்தைகளின் தரவைக் கையாள்வது குறித்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் வெளியிட்ட அடிப்படைக் கோட்பாடுகளைப் படிக்காமல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதீர்கள். ஆசிரியர் சரி சொன்னால் போதும் என்ற எண்ணம் தவறு. வகுப்பே செய்யும்போது ஒரு குழந்தையால் மறுக்க முடியாது. மறுத்த குழந்தைக்கும் அதே பயிற்சியைப் பதிவு இல்லாமல் செய்யும் வழி செயலியில் இருக்க வேண்டும். மதிப்பெண் கொடுத்ததும் ஒலியை அழிப்பதே இங்கே இயல்புநிலையாக இருக்கட்டும்.

9. சேவை ஓடும்போது

முடிந்தவரை எல்லாவற்றையும் பயனரின் கருவியிலேயே செய்யுங்கள். எழுத்தைப் பேச்சாக்கும் மாதிரிகள் இன்று சாதாரண போனிலேயே ஓடும் அளவுக்குச் சிறிதாகிவிட்டன. ஸ்கிரீன் ரீடருக்கும் பேச முடியாதவர்களின் கருவிக்கும் இதை விருப்பத் தேர்வாக இல்லாமல் கட்டாயமாகவே வைக்கச் சொல்வேன். சர்வர் தவிர்க்க முடியாதென்றால், வரும் எழுத்தும் ஒலியும் நினைவகத்தில் மட்டும் இருந்து வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். பதிவேட்டில் நேரமும் பிழை எண்ணும் போதும், வாக்கியம் வேண்டாம். பயனர் பேச்சை மாதிரியை மேம்படுத்த எடுத்துக்கொள்ளும் வசதி அணைந்த நிலையில் தொடங்கட்டும். வேண்டுமென்றால் அவரே போட்டுக்கொள்வார்.

10. "என் குரலை எடுத்துவிடுங்கள்" என்று வந்தால்

ஒப்புதலைத் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பது ஜிடிபிஆரின் 7-ஆம் பிரிவு. ஒரு தட்டலில் சேர்ந்தவரை மூன்று படிவம் நிரப்பச் சொல்லக் கூடாது. ஒலியை அழிப்பது எளிது. அதில் பழகிய மாதிரியை என்ன செய்வது? எந்தப் பதிவு எந்த மாதிரிப் பதிப்பில் சேர்ந்தது என்று ஒரு பேரேடு முதல் நாளிலிருந்தே இருந்தால், அடுத்த பதிப்பை அந்தக் குரல் இல்லாமல் பழக்கலாம். பேரேடு இல்லையென்றால் எந்த வாக்குறுதியும் தர முடியாது. சிறிய தரவில் பழகிய மாதிரி, அபூர்வமான பெயர்களையும் தொடர்களையும் அப்படியே மனப்பாடம் செய்துவிடும் வாய்ப்பு அதிகம். ஐரிஷ் மாதிரிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. நகல் காப்புகளிலும் அழிக்க மறக்காதீர்கள்.

தரவு கசிந்தது தெரிந்தால், யாருக்கும் ஆபத்து வர வாய்ப்பில்லை என்று காட்ட முடிந்தாலொழிய, 72 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். பாதிப்பு பெரிதென்றால் பேசியவர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை இப்போதே ஐரிஷில் எழுதி வைத்துவிடுங்கள்; நெருக்கடியில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டார்.

11. பழைய பதிவுகள்

தரவு போதாதபோது எல்லோர் கண்ணும் காப்பகங்களின் மேல்தான் போகும். 1928 முதல் 1931 வரை பெர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் டேகனும் அவர் உதவியாளரும் எடுத்த ஐரிஷ் பதிவுகள் இருக்கின்றன. 1972-இல் தொடங்கிய ரேடியோ நா கேல்டாக்ட் நிலையத்தின் ஒலிபரப்பு அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஒலிபரப்பான ஒன்று எல்லோரும் கேட்டதுதானே என்று எடுத்துவிடக் கூடாது. அன்று அந்த மனிதர் அக்கம்பக்க ஊர்களுக்குக் கேட்கட்டும் என்று பேசினார். தன் குரலைப் போலவே பேசும் இயந்திரத்துக்குத் தீனியாக அதைத் தரவில்லை.

இறந்தவர்களுக்கு ஜிடிபிஆர் பொருந்தாது. அவர் பேச்சில் வரும் பேரப்பிள்ளைகளுக்குப் பொருந்தும். காப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது பேச்சை எழுத்தாக்கும் பயிற்சிக்கு மட்டும் என்று வரம்பு எழுதுங்கள், குரலை நகலெடுப்பதைப் பெயர் சொல்லித் தடை செய்யுங்கள், குடும்பத்தார் ஆட்சேபித்தால் எடுத்துவிட ஒரு முகவரி கொடுங்கள். பேசியவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத கோப்புகளை, தெரியும்வரை உயிரோடு இருப்பவருடையதாகவே வைத்து நடத்துங்கள்.